பந்தி ஏப்பம் யாருக்குச் சொந்தம்? ஓர் ஆய்வு

கல்யாணப் பந்தியில் மோர் சாதம் முடிகிற நேரத்தில் பெரியவர் ஒருவர் கண்ணைப் பாதி மூடி, தாடையை லேசாக உயர்த்தி, நீளமாக ஓர் ஏப்பம் விட்டால் அதற்கு உடனடியாக இரண்டு பேர் உரிமை கொண்டாடுகிறார்கள். ஒருவர் பெண்ணின் அப்பா. மற்றவர் சமையல் கான்ட்ராக்டர். ஏப்பம் என்பது சாப்பாட்டுக்கு வயிறு கொடுக்கும் சான்றிதழ் என்ற நம்பிக்கை இருவருக்கும் பொது. அந்த நம்பிக்கைக்கு உடற்கூறு இயலில் ஆதாரம் உண்டா என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இல்லை என்பது கருதுகோள்.

முன்னோர் இத்துறையைப் புறக்கணிக்கவில்லை. அடக்கக் கூடாத வேகங்கள், அதாவது உடலின் இயற்கை உந்துதல்கள், என்று சரக சம்ஹிதை சொல்லும் 13-இல் ஏப்பத்துக்கும் இடம் உண்டு. யோக நூல்கள் தசவாயுக்களில் நாகன் என்ற வாயுவிடம் இந்த இலாகாவை ஒப்படைத்திருக்கின்றன. நாட்டு வழக்கு இன்னும் ஒரு படி மேலே போய், பசியேப்பம், புளியேப்பம் என்று வகையும் பிரித்துவிட்டது. ஆனால் ஓசியில் சாப்பிட்டு நாலு பேர் காதுபட விடும் பந்தியேப்பத்துக்கு இதுவரை யாரும் தனி இலக்கணம் வகுக்கவில்லை. அறிஞர்களும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள்தானே, நன்றியுணர்வு தடுத்திருக்கலாம்.

முதலில் மூலப்பொருள். பந்தி ஏப்பத்தில் வெளியே வருவது பெரும்பாலும் நாம் விழுங்கிய காற்று. அதாவது நைட்ரஜனும் ஆக்சிஜனும். மண்டபத்து மின்விசிறி சுழற்றிக்கொண்டிருந்த அதே சரக்கு. வத்தக்குழம்பின் மணம் அதில் தொற்றிக்கொண்டு வருவது உண்மைதான், ஆனால் அது பயணி, வண்டி காற்றுடையது. ஒவ்வொரு விழுங்கலிலும் கொஞ்சம் காற்று உணவுக்குழாய் வழியே, சுமார் 25 சென்டிமீட்டர் கீழே இறங்கி இரைப்பையை அடைகிறது. வெறும் வயிறாக இருக்கும்போது 50 மில்லி அளவே கொள்ளும் இரைப்பை, சாப்பிடச் சாப்பிடத் தளர்ந்து கொடுத்து ஒரு லிட்டர், அதற்கு மேலும் ஏற்றுக்கொள்கிறது. சாதமும் சாம்பாரும் கீழே தங்க, காற்று மேலே ஏறி இரைப்பையின் உச்சிக் குமிழில் இடம் பிடிக்கிறது. எக்ஸ்ரே படத்தில் இடது பக்கம், உதரவிதானத்துக்குக் கீழே கறுப்பாகத் தெரிவது இதுதான்.

வெளியேறும் வழியில் இரண்டு கதவுகள். உச்சிச் சுவர் இழுபட்டதும் வேகஸ் நரம்பு மூளைத்தண்டுக்குத் தகவல் சொல்கிறது. அங்கிருந்து வரும் உத்தரவுப்படி உணவுக்குழாயின் அடியில் இருக்கும் சுருக்குத்தசை சில நொடிகள் தளர்கிறது. காற்று மேலே பாய்கிறது. தொண்டைக்கருகில் இருக்கும் இரண்டாவது தசைதான் உண்மையில் அதிகாரி. தன் கீழே வந்து முட்டுவது காற்று என்றால் திறக்கிறது. திரவம் என்றால் இன்னும் இறுகிக்கொள்கிறது. ரசம் மேலே வராமல் சத்தம் மட்டும் மேலே வருவது இந்தப் பாகுபாட்டால்தான். ஒரு பந்தியில் யாருக்காவது பொன்னாடை போர்த்த வேண்டுமென்றால் இந்தத் தசைக்குப் போர்த்தலாம். இதெல்லாம் உடம்பு நிமிர்ந்திருந்தால்தான் ஒழுங்காக நடக்கும். மல்லாந்து படுத்தால் வாசலைத் திரவம் மறைத்துக்கொள்ளும், காற்று பின்னால் சிக்கிக்கொள்ளும். சாப்பிட்ட கையோடு மணமகன் அறையில் பாய் தேடுகிறவர்கள் கவனிக்க.

‘ஏப்பம் வந்தாச்சு, செரிச்சாச்சு’ என்பதையும் இங்கேயே தள்ளுபடி செய்துவிடலாம். நெய்யும் பாயசமுமாக ஒரு முழுச் சாப்பாடு இரைப்பையை விட்டுக் கிளம்பவே மூன்று நான்கு மணி நேரம் ஆகும். ஏப்பம் ஒலிக்கும் நிமிடத்தில் முதல் கவளம் சாம்பார் சாதமே இன்னும் உள்ளே முறைக்குக் காத்திருக்கிறது.

காற்று எப்போது அதிகம் உள்ளே போகிறது? அவசரமாகச் சாப்பிடும்போது, சாப்பிட்டுக்கொண்டே பேசும்போது, எதையாவது உறிஞ்சும்போது. மூன்றும் பந்தியில் ஒன்றுகூடுகின்றன. இலையில் ஊற்றிய பாயசம் விளிம்பை நோக்கி ஓட, அதை நான்கு விரலால் அணைகட்டி, வழித்து, புறங்கையில் வழிவதற்குள் ‘சர்’ரென்று உறிஞ்சுகிறோமே, அந்த ஓசையின் பொருள் காற்று உள்ளே போகிறது என்பதே. அதோடு அடுத்த பந்திக்காரர்கள் நம் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்கிறார்கள். பந்திக்கு முந்துவதைப் பற்றிப் பழமொழி உண்டு. முந்தியவன் பிடரியில் மூச்சு விட்டுக்கொண்டு நிற்பவனைப் பற்றி ஒன்றுமில்லை. அவன் நிற்க நிற்க நம் வேகம் கூடுகிறது, காற்றும் கூடுகிறது. ஆக ஏப்பத்தில் கணிசமான பங்கு அவனுக்குச் சேர வேண்டியது.

மண்டபத்து வாசலில் பன்னீர் சோடா வைத்திருந்தால் கணக்கு வேறு. லண்டன்காரர் ஹைரம் காட் 1872-இல் காப்புரிமை பெற்ற கோலி பாட்டில், வாயுவை அடைத்து வைக்கவே பிறந்தது. அழுத்தத்தில் கரைத்த கார்பன் டை ஆக்சைடு விடுதலையானால் பானத்தின் அளவைப்போல் மூன்று, நான்கு மடங்கு இடம் கேட்கும். சோடா ஏப்பத்தைச் சமையல் கணக்கில் எழுதுவது பச்சை மோசடி.

இன்னொரு மோசடியும் உண்டு. சிலர் வேண்டும்போது ஏப்பத்தை வரவழைப்பார்கள். காற்றை உணவுக்குழாய் வரை இழுத்து, அது இரைப்பையை எட்டுவதற்குள் அப்படியே வெளியே தள்ளிவிடுகிறார்கள் என்று மருத்துவர்கள் அளந்து காட்டியிருக்கிறார்கள். இவ்வகை ஏப்பம் தூக்கத்தில் வருவதில்லை. பேச்சுக் கொடுத்துக் கவனத்தைத் திருப்பினால் குறைந்துவிடும். மாப்பிள்ளையின் மாமா மொய் எழுதும் மேசைக்குப் பக்கத்தில் நின்று அடுக்கடுக்காக விடுவது எந்த வகை என்று தெரிய வேண்டுமானால், அவரிடம் வீட்டு மனை விலையைக் கேட்டுப் பார்க்கலாம். மண்டபத்திலேயே உரத்த அந்தப் பாராட்டு, பாராட்டப்பட்ட சாப்பாட்டைத் தொட்டுக்கூடப் பார்க்காதது.

ஒப்பீட்டுக்கு: பசுவின் ஏப்பத்தில் மீத்தேன் வருகிறது, நாளொன்றுக்கு 250 முதல் 500 லிட்டர் வரை, அதை யாரும் புல்லுக்கான புகழுரையாகக் கொள்வதில்லை. விண்வெளியில் எடையின்மையால் காற்றும் திரவமும் பிரிவதில்லை, ஆகவே ஏப்பம் விட்டால் உணவும் கூட வந்துவிடக்கூடும். அங்கே பந்தி நடத்த முடியாது.

இறுதியாக, பிறந்ததிலிருந்து ஏப்பமே விட முடியாதவர்கள் இருக்கிறார்கள். அந்த மேல்கதவுத் தசை காற்றுக்கும் திறக்க மறுக்கும். வயிறு உப்பும், தொண்டைக்குள் தவளை கத்துவதுபோல் சத்தம் வரும், ஏப்பம் மட்டும் வராது. அமெரிக்கத் தொண்டை மருத்துவர் ராபர்ட் பாஸ்டியனும் சக ஆய்வாளர் ஸ்மித்சனும் 2019-இல் இத்தகைய 51 பேரைப் பற்றி எழுதினார்கள்; அந்தத் தசையில் பொட்டுலினம் ஊசி போட்டதும் அவர்களுக்கு ஏப்பம் வரத் தொடங்கியது. ஆகவே ஒருவர் இரண்டு தடவை பாயசம் வாங்கிச் சாப்பிட்டும் சத்தமில்லாமல் கைகழுவப் போனால், அவர் எதிலோ குறை கண்டுவிட்டார் என்று சம்பந்தி வீட்டில் பேச்சு கிளப்ப வேண்டியதில்லை. தாம்பூலப் பையோடு தொண்டை டாக்டரின் விலாசத்தையும் சேர்த்துக் கொடுத்தால் போதும்.