அறுதியோ, குத்தகையோ?

வா மருமோன். உந்தப் பிளாஸ்ரிக் கதிரையை இழுத்துப் போட்டு இரு. முறிகண்டிக் கச்சானோட வாறாய் எண்டால் ஏதோ அலுவல் கிடக்கு. சும்மா வாற நாளில வெறுங்கையோடதானே வருவாய்.

ஓ, ஒப்பந்தமோ? 14 பக்கம். வெளிநாட்டுக் கொம்பனி ஒண்டு உன்ர பாட்டை எடுக்கப் போகுதாம். நீ வாசிச்சனியோ? கையெழுத்து வைக்கிற இடத்தை மட்டும் பார்த்தனியோ! கெட்டிக்காரன். போன மாரிக்கு முதல் ஒரு பசுக்கண்டு வாங்கினாய். வாயைத் திறந்து பல்லுப் பார்த்தாய், வாலைத் தூக்கிப் பார்த்தாய், சுழி பார்க்க என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். பாட்டுக்குச் சுழி பார்க்கத் தேவையில்லை ஆக்கும்.

எனக்கு இங்கிலீசு தெரியாது. ஆனா காணி உறுதி தெரியும். நொத்தாரிசு முதல் கேக்கிற கேள்வி ஒண்டுதான்: அறுதியோ, குத்தகையோ? குத்தகை எண்டால் சொன்ன போகத்துக்கு விதைச்சுப்போட்டு வயலைத் திருப்பித் தரோணும். அறுதி எண்டால் பிறகு வரம்பில நிண்டு பார்க்கவும் உனக்கு உரித்தில்லை. கொண்டா, மகளைக் கொண்டு உன்ர கடுதாசியை வாசிப்பிப்பம். உலகம் முழுக்க, எண்டெண்டைக்கும், இனிமேல் கண்டுபிடிக்கப் போற கருவியளிலையும் பாட்டு அவங்களுக்காம். பிறக்காத பிள்ளைக்கும் சேர்த்துச் சீதனம் எழுதிறாங்கள், மருமோன். பன்னிரண்டாம் பக்கத்தில இன்னொரு விசேசம்: பிணக்கு வந்தால் அவங்கட ஊர்க் கோட்டிலதான் விசாரணை. உனக்கு விசா ஆர் தாறது?

நல்லாக் கதைச்சாங்கள், 'புறோ' எண்டு கூப்பிட்டாங்கள் எண்டுறாய். இளையராசாவும் பாலசுப்பிரமணியமும் அதைவிடக் கிட்டவாப் பழகினவை, வாடா போடாச் சிநேகிதம். கறன்ற் இல்லாத காலத்தில சைக்கிளைக் கவிட்டுப் போட்டு டைனமோவைச் சுத்தித்தான் அவையின்ர பாட்டை நாங்கள் றேடியோவில கேட்டனாங்கள். பெடல் சுத்திறவனுக்கு மூச்சு வாங்கும், பாலு அங்க இழைஞ்சு இழைஞ்சு பாடிக்கொண்டிருப்பார். சுத்திறவன் களைச்சால் பாலுவுக்கும் தொண்டை கட்டும்.

அப்பிடிப்பட்ட ரெண்டு பேருக்கு நடுவில 2017 பங்குனியில அப்புக்காத்துக் கடிதம் வந்திது. பாலு பாட வந்து அம்பது வருசம் எண்டு அமெரிக்காவில மேடை மேடையாப் பாடித் திரியிறார். என்ர பாட்டை என்னட்டைக் கேளாமல் பாடக்கூடாது எண்டு ராசா பக்கத்தால கடிதம். பாலு சண்டைக்கு நிக்கேல்லை. இப்பிடியொரு சட்டம் கிடக்கெண்டு தெரியாது, மற்ற ஆக்களின்ர பாட்டைப் பாடுறன் எண்டுட்டார். 2019இல ரெண்டு பேரும் திரும்ப ஒரே மேடையில நிண்டவை, அது வேற கதை. ராசா கேட்டது பிழையெண்டு நான் சொல்ல மாட்டன். விதைச்சவன் நெல்லுக் கேக்கிறான். ஆனா அந்த நாளில ஆருக்கு எந்தப் பங்கெண்டு ஒரு துண்டில எழுதி வைச்சிருந்தால், அப்புக்காத்தின்ர மகள் சீதனத்துக்கு வேற வழி பார்த்திருப்பாள்.

2024இலயும் பார். கமலகாசன்ர 'குணா' படப் பாட்டை 'மஞ்ஞும்மல் போய்ஸ்' எண்ட மலையாளப் படத்தில போட்டாங்கள். உரிமை வைச்சிருந்த கொம்பனியிட்ட வாங்கித்தான் போட்டம் எண்டு படக்காரர் சொல்ல, என்னட்டைக் கேக்கேல்லை எண்டு ராசா நோட்டீஸ் விட்டார். 'குணா' வந்தது 1991இல. 33 வருசத்துக்குப் பிறகு பற்றைக்குள்ள எல்லைக்கல்லுத் தேடுறாங்கள்.

கிழவரின்ர கதை வேண்டாமெண்டால் உன்ர வயதுக்காரரின்ர கதைக்கு வா. 'எஞ்சாய் எஞ்சாமி', 2021. நீயும்தான் கலியாண வீடெல்லாம் அதுக்கு ஆடினாய். எழுதின அறிவின்ர ஆச்சி வள்ளியம்மாள் எங்கட மலைநாட்டில தேயிலைத் தோட்டத்தில வேலை செய்தவ. அவனும் பாடகி தீயும் பாட, இசை சந்தோஷ் நாராயணன். அடுத்த வருசம் சென்னையில சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில அந்தப் பாட்டு மேடையேறிச்சுது, அறிவு மேடையில இல்லை. பிறகு மெட்டு ஆற்றை, சொல்லு ஆற்றை எண்டு ஊர் முழுக்கப் பஞ்சாயத்து. பகிடி என்னெண்டால், 2024இல சந்தோஷ் சொன்னார், கோடிக்கணக்கில ஆக்கள் பார்த்த அந்தப் பாட்டால எங்கள் மூண்டு பேருக்கும் ஒரு சதம் வரேல்லை எண்டு. இல்லாத காசுக்கும் பங்குச் சண்டை.

எங்கட நாட்டில சட்டம் இல்லாமல் இல்லை. 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். பாட்டுப் பிறந்த உடன உரிமையும் பிறந்திடும், பதிவும் வேண்டாம். எழுதினவர் சீவிக்கிற காலமும் அதுக்கு மேல 70 வருசமும் காவல். உரிமையைக் கைமாத்த வாய்ச்சொல்லுக் காணாது, ரெண்டு பக்கமும் கையெழுத்து வைச்ச எழுத்து வேணும். காசுரிமையை வித்தாலும் உன்ர பேரைப் போடச் சொல்லுற உரித்து உன்னோடதான் நிக்கும். என்ன, உரிமை வழக்குப் பேசக் கிளிநொச்சிக் கோடு காணாது, கொழும்பு வணிக மேல் நீதிமன்றத்துக்குப் போகோணும். தவணைக்குத் தவணை யாழ்தேவியில ஏறி இறங்கிற காசுக்கு நீ இன்னும் நாலு பாட்டு எடுக்கலாம். ஆனபடியால் பேனையை மூடு. அஞ்சு வருசக் குத்தகை, ஆறு மாசத்துக்கு ஒருக்காக் கணக்கு, பாட்டோட உன்ர பேர் எண்டு எழுதிக் குடுக்கச் சொல்லு. மாட்டம் எண்டால் அவங்களுக்கு வேண்டியது வயல், விளைச்சல் இல்லை.

கச்சானை இஞ்சால தள்ளு. இன்னொரு சின்ன விசயம் கிடக்கு. போன கிழமை பேத்தி உன்ர பாட்டைப் போனில போட்டுக் காட்டினவள். நடுவில ஒரு அரிவுவெட்டுப் பாட்டு வருது. கீழ 'நாட்டார் பாடல்' எண்டு போட்டிருக்கிறாய். அந்த நாட்டார் ஆர் மருமோன்? எங்கட ஆத்தை. முத்தையன்கட்டு வயலில அவ கட்டிப் பாடினது. எங்கட சிவலை மாடே அதுக்குள்ள வருது.

இல்லை, நாட்டார் பாட்டுத்தான் எண்டு நிக்கிறியோ? நில்லு. அதே சட்டத்தில 24ஆம் பிரிவு கிடக்கு. ஊர் வழக்கத்துக்கு வெளியிலயோ காசுக்கோ பாவிக்கிறதெண்டால் அமைச்சர் காட்டுற அதிகாரியிட்ட அனுமதி எடுக்கோணும், கட்டுற காசு பண்பாட்டு வளர்ச்சிக்குப் போகும். ஆத்தையின்ர பாட்டெண்டால் என்னட்ட வரோணும். அவ போனது 1987இல. 70ஐக் கூட்டிப் பார், 2057. இருந்த காலத்தில ஒரு பரப்புக் காணி அவவின்ர பேரில இல்லை, இப்ப 2057 மட்டும் சொத்துக்காரி.

கொழும்பு கிட்டவோ, இந்தக் கதிரை கிட்டவோ, நீயே முடிவெடு. நான் பேராசைக்காரன் இல்லை. ஆனா அறுதியாத் தர மாட்டன். போகத்துக்கு ஒரு மூட்டை மொட்டைக்கறுப்பன், பாட்டுத் தொடங்கேக்க ஆத்தையின்ர பேர். கொப்பியை எடுத்து எழுது. எழுதினதை வாசிச்சுக் காட்டினாப்பிறகுதான் நான் கையெழுத்து வைப்பன்.

கச்சான் கணக்கில சேராது.