ஃபயர்பாக்ஸ் 4-இல் வெகுளி: மெய்ப்பாட்டியல் நோக்கில் ஓர் ஆய்வு

வெகுளி என்னும் மெய்ப்பாடு நான்கு காரணங்களால் பிறக்கும் என்கிறது தொல்காப்பியம்: உறுப்பறை, குடிகோள், அலை, கொலை. இளம்பூரணரும் பேராசிரியரும் இதற்கு உரை கண்டிருக்கிறார்கள். இணைய உலாவியிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுகூட இருவர் உரையிலும் இல்லை. அக்குறையைப் போக்குவதே இந்த ஆய்வின் நோக்கம்.

களம், மொசில்லா 2011 மார்ச் 22 அன்று வெளியிட்ட ஃபயர்பாக்ஸ் 4. முதல் 24 மணி நேரத்தில் சுமார் 70 லட்சம் பதிவிறக்கங்கள். ஆக, உவகையும் இருந்திருக்கிறது. ஆனால் உவகை கொண்டவர் பேசுவதில்லை. பக்கம் வேகமாகத் திறக்கிறது என்று கண்டதும் தம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார். ஆய்வாளனுக்கு அவரால் காலணா பயனில்லை. எனவே கூடிய வேகத்தையும், ஒரு வாரம் முன்பு வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 9 கைவிட்ட விண்டோஸ் எக்ஸ்பிகாரர்களை இது கைவிடாததையும் இத்தோடு விட்டுவிடலாம்.

உறுப்பறைக்கு வருவோம். சாளரத்தின் அடியில் கிடந்த நிலைப்பட்டையை அறுத்துவிட்டார்கள். ஓர் இணைப்பின்மேல் சுட்டியை வைத்தால் அது எங்கே போகும் என்று காட்டுவதும், பக்கம் எவ்வளவு இறங்கியது என்று சொல்வதும் அதன் தொழில். இனி முகவரி மட்டும் கீழ் மூலையில் தலைகாட்டி மறையும். அதுவரை அந்தப் பட்டையை ஏறிட்டும் பாராதவர்கள்கூட, போன பின்பு அது தம் வலது கண் என்றார்கள். அதை மீட்டுத்தர ஒரு நீட்சியும் (எக்ஸ்டென்ஷன்) வந்தது. பெயர் 'ஸ்டேட்டஸ்-4-எவர்'. ஒப்பாரிக்கே பெயர் சூட்டியதுபோல இருக்கிறது.

டேப்களை எந்த வகையில் அடக்குவது என்பதில் எனக்கு இன்னும் தெளிவில்லை. முகவரிப் பட்டைக்குக் கீழே இருந்தவை மேலே போயின, அவ்வளவுதான். எதுவும் அறுபடவில்லை. மூக்கு முகத்தில்தான் இருக்கிறது, ஆனால் நெற்றியில் இருக்கிறது. உறுப்பு இடம்பெயர்தலைத் தொல்காப்பியர் தனியே சொல்லாததால் இதையும் உறுப்பறையில் சேர்க்கிறேன். மறுப்பவர் தனி நூல் எழுதிக்கொள்ளட்டும். இந்த வெகுளி அடுத்த கட்டத்தில் துறவாக முற்றும். "இனி ஃபயர்பாக்ஸ் வேண்டாம், குரோமுக்குப் போகிறேன்" என்று ஊரறியச் சொல்லிவிட்டுப் புறப்படுவது அதன் அடையாளம். அங்கேதான் ஆய்வு சுவைக்கிறது. குரோமில் டேப்கள் 2008-இல் அது பிறந்த நாள் முதலே உச்சந்தலையில்தான் இருந்தன. ஃபயர்பாக்ஸ் 4-இலாவது அவற்றைக் கீழே இறக்க மெனுவில் ஒரு தேர்வு இருந்தது. ஒரு சொடுக்கே போதுமாயிருந்தது. குரோமில் அதுவும் இல்லை. மாமியாருக்குப் பயந்து ஓடியவர் தஞ்சம் புகுந்தது மாமியாரின் தமக்கை வீட்டில். துறவியின் மெய்யான குறை டேப்பின் இடம் அன்று, தன்னைக் கேளாமல் மாற்றினார்களே என்பதுதான் என நிறுவ எனக்கு இந்த ஒரு சான்றே போதும்.

குடிகோள் என்பது தன்னை அண்டி வாழ்வோர் நலிவுறுதல். இங்கே குடிகள் நீட்சிகள். எந்தப் பதிப்புவரை ஓடுவேன் என்று அப்போது ஒவ்வொரு நீட்சியும் தன்னிடத்தே குறித்து வைத்திருந்தது. முந்தைய பதிப்பான 3.6 வரை என்று குறித்திருந்தவை 4 வந்ததும் முடக்கப்பட்டன. உள்ளே எந்தக் கோளாறும் இல்லாமல், எழுதியவர் அந்த ஓர் எண்ணைத் திருத்தாத குற்றத்துக்காகவே முடங்கியவை உண்டு. இந்த வெகுளியை மட்டும் நான் முற்றிலும் நியாயம் என்பேன். நிலைப்பட்டையை மீட்க நீட்சி இருந்தது. நீட்சியை மீட்க எதை நிறுவுவது?

அலைத்து வருத்துதலாகிய அலையும் கொலையும் ஒன்றாகவே வந்தன. ஓராண்டுக்கு மேல் காத்திருந்து பெற்ற 4-க்கு நடுவில் ஒரே ஒரு திருத்தப் பதிப்பு, 4.0.1. பிறகு ஜூன் 21 அன்று ஃபயர்பாக்ஸ் 5 வந்தது. பாதுகாப்புத் திருத்தம் வேண்டுவோர் அதற்குப் போக வேண்டும் என்றார்கள். 4 வாழ்ந்தது 91 நாள். பழைய 3.6-க்கோ 2012 ஏப்ரல்வரை ஆதரவு இருந்தது. பேரனுக்குக் கருமாதி நடந்தபோது தாத்தா திண்ணையில் சௌக்கியமாக இருந்தார். இனி ஆறு வாரத்துக்கொரு பதிப்பு என்று ஆனதும், ஆயிரக்கணக்கான கணினிகளில் ஒவ்வொரு பதிப்பையும் சோதித்து நிறுவ வேண்டிய அலுவலகத்தார் கொதித்தெழுந்தார்கள். டேப்புக்காக அழுதவர்களை விட எண்ணிக்கையில் இவர்கள் குறைவானவர்கள்தான். ஆனால் காரணத்தோடு கோபித்தார்கள்.

அதற்குப் பலனும் கிடைத்தது. 2012 ஜனவரி 31 அன்று வந்த பத்தாம் பதிப்பில், பழைய நீட்சிகளில் பெரும்பாலானவற்றை எண் பார்த்து முடக்கும் வழக்கம் கைவிடப்பட்டது. அன்றே ஈஎஸ்ஆர் என்ற தனித் தடமும் தொடங்கியது. அதில் ஏறக்குறைய ஓராண்டுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வரும், முகம் மாறாது. அது இன்றும் இலவசமாகவே கிடைக்கிறது. வெகுளி மிக்க வாசகர்கள் அதை இறக்கிக்கொள்ளலாம்.