வாக்காளர் பட்டியலில் இல்லாத நாஞ்சில் நாட்டார்

கன்னியாகுமரி மாவட்டத்தின் தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய இரு வட்டங்களிலும் பழையாற்று நீரையும் கோதையாற்றுக் கால்வாய் நீரையும் நம்பிக் கிடக்கும் நெல்வயற் பரப்பே மரபாக நாஞ்சில் நாடு எனப்படுகிறது. இந்நாட்டின் குடிகளைப் பற்றி எழுதியோர் அவர்களுடைய சொத்துரிமை, திருமணம், வழிபாடு, அவியல் என ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. ஆயினும் அதே வயலிலும் குளக்கரையிலும் அடுக்களைப் புறத்திலும் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்துவரும் மற்றொரு கூட்டத்தாரை, அவர்களுக்கு வாக்குரிமை இல்லை என்பதாலோ என்னவோ, எவரும் அவ்வளவாகப் பொருட்படுத்தியதில்லை. கொக்கும் நாரையும் தாராவும் பாம்பும் காகமும் அடங்கிய அக்கூட்டம் மனிதரை ஆராய்ந்து வைத்திருக்கும் அளவில் பாதிகூட மனிதர் அவற்றை ஆராய்ந்ததில்லை என்பதே இக்கட்டுரையின் துணிபு.

முதலில் நிற்கத் தக்கது உண்ணிக்கொக்கு. நாஞ்சில் நாட்டு வயல் ஆண்டுக்கு இருபோகம் விளைவது. புரட்டாசியை ஒட்டி அறுவடையாகும் போகம் கன்னிப்பூ என்றும், மாசியை ஒட்டி அறுவடையாகும் போகம் கும்பப்பூ என்றும் வழங்கும். நடவுக்கு முன் வயலில் நீர்கட்டி, மண்ணைக் கூழாகக் கலக்கி உழுவதைத் தொழி அடித்தல் என்பர். தொழி எந்த நாளில் அடிக்கப்படும் என்பதை வயலின் சொந்தக்காரரால் சொல்ல முடியாது, ஏனெனில் அது டிராக்டர்காரர் கையில் இருக்கிறது. டிராக்டர்காரரைக் கேட்டால் ‘நாளைக்கு’ என்பார், அந்த நாளை எந்த நாளுக்கும் பொருந்தும். ஆனால் இரும்புச் சக்கரம் பூட்டிய டிராக்டர் வரப்பேறி இறங்கிய சற்று நேரத்துக்கெல்லாம், அதுவரை கண்ணில் படாத உண்ணிக்கொக்குகள் இருபது முப்பதாக வந்திறங்கி, வரவேற்புக் குழுவினர் போல வரிசையில் நிற்கும்.

அவற்றின் வேலைமுறை கூர்ந்து காணத் தக்கது. கொக்கு ஓடுவதில்லை, சக்கரத்துக்கு இரண்டடி தள்ளி, அதன் வேகத்துக்கு ஏற்றவாறு நடக்கிறது. சேறு புரளும்போது தவளைக் குஞ்சும் வெட்டுக்கிளியும் துள்ளுகின்றன. கொக்கின் கழுத்து பக்கவாட்டில் மெல்ல அசைய, தலை மட்டும் அந்தரத்தில் அசையாமல் நிற்கிறது. அடுத்த கணம் அலகு மூடித் திறக்க, துள்ளியது காணாமற்போகிறது. மேயும் மாட்டின் பின்னால் செல்லும் கொக்கு, தனித்து இரை தேடும் கொக்கைவிடக் குறைவான அடிகள் எடுத்துவைத்துக் கூடுதலான இரை பிடிக்கிறது என்று பறவையியலார் எண்ணிப் பார்த்துச் சொல்லியிருக்கின்றனர். உழைப்பைப் பிறரிடம் விட்டுவிட்டு விளைவில் மட்டும் பங்கு கொள்ளும் இக்கலையை மனிதருள் சிலரும் அறிவர். ஆனால் அவர்களிடம் இந்த வெண்மை இல்லை. காளைகள் வயலைவிட்டுப் போய் இயந்திரங்கள் வந்தபோது மேடைகளில் எத்தனையோ பேர் கண்ணீர் வடித்தனர். கொக்கு ஒரு நாள்கூட வருந்தாமல் காளையின் இடத்தில் டிராக்டரை வைத்துக் கணக்கை நேர்செய்துகொண்டது. இந்த இனத்தின் மேலைநாட்டு உறவினரான கொக்குகள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆப்பிரிக்காவிலிருந்து அட்லாண்டிக் கடலைத் தாமாகவே கடந்து தென் அமெரிக்காவில் இறங்கி, 1950களுக்குள் வட அமெரிக்கா வரை பரவின என்ற செய்தி, வளைகுடா நாட்டுக்கு விசா கிடைக்காமல் நடையாய் நடக்கும் நாஞ்சில் நாட்டு இளைஞர்களுக்குப் பொறாமை தரக்கூடியதே.

குளங்களுக்கு வந்தால் நிலைமை இன்னும் சுவையானது. நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி செல்லும் சாலையை ஒட்டியே சுசீந்திரம் குளம் கிடக்கிறது. சற்று அப்பால் தேரூர்க் குளம். இவ்விரண்டும் சேர்ந்த நீர்நிலைத் தொகுதியும் வேம்பனூர்க் குளமும் 2022ஆம் ஆண்டில் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றன. ஈரான் நாட்டின் ராம்சார் நகரில் 1971இல் பல நாடுகள் கூடிச் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, உலக அளவில் காக்கப்பட வேண்டியவை எனக் குறிக்கப்படும் ஈரநிலங்களின் பட்டியல் அது. இப்பட்டம் கிடைத்த செய்தி பறவைகளுக்கு எட்டியதாகத் தெரியவில்லை. அவை முன்பு போலவே பேருந்துகளின் காற்றொலிப்பான்களைத் துளியும் மதிக்காமல் மேய்கின்றன. சுற்றுலாப் பேருந்து ஒன்று ஊரையே எழுப்பும் ஒலியுடன் கடந்து போகும்போது தலை நிமிர்த்தாத கூழைக்கடா, ஒரு கார் ஓசையின்றி நின்று, அதிலிருந்து ஒருவர் புகைப்படக் கருவியுடன் பதுங்கிப் பதுங்கி இறங்கினால் உடனே எழுந்து அக்கரைக்குப் போய்விடும். நேராகப் போகிறவனால் தீங்கில்லை, பதுங்குகிறவனிடமே எச்சரிக்கை வேண்டும் என்ற இந்த அறிவு கூழைக்கடாவுக்குப் பிறவியிலேயே இருக்கிறது. நிலத்தரகர்களிடம் ஏமாந்தவர்களுக்கோ அது காலங்கடந்துதான் வந்தது.

சுசீந்திரத்தில் கோயில் கொண்டிருக்கும் தாணுமாலயன், சிவனும் திருமாலும் பிரமனும் ஒன்றாகிய வடிவம். ஆகவே அங்கே சைவ வைணவப் பூசலுக்கு இடமில்லை என்று மனிதர் நினைத்திருக்க, நெற்றியில் வெள்ளை நாமம் பளிச்சென்று துலங்கும் நாமக்கோழி மட்டும் தன் சார்பைச் சற்றும் மறைக்காமல் நீந்தித் திரிகிறது. உடல் முழுக்கக் கறுப்பு, நெற்றியும் அலகும் வெள்ளை; இரண்டு நாமக்கோழிகள் எதிரெதிரே வந்தால் தலை தாழ்த்தி நீரைக் கிழித்துக்கொண்டு சண்டைக்குப் பாய்வதைப் பார்த்தால், பூசல் வேற்றுச் சமயத்தாரோடுதான் நிகழும் என்பதில்லை என்பதும் விளங்கும்.

நத்தைகுத்தி நாரையைப் பற்றி அறிஞர்கள் நெடுங்காலம் தவறாகவே எண்ணியிருந்தனர். வளர்ந்த நாரையின் மேலலகுக்கும் கீழலகுக்கும் நடுவே, வாயை மூடிய பின்னும் மூடாத ஒரு சந்து இருக்கும். இது பாக்குவெட்டி போல நத்தையின் ஓட்டை வைத்து நொறுக்குவதற்கான அமைப்பு என்று விளக்கம் சொல்லப்பட்டது. பொறுமையாகப் பார்த்தபோது நாரை ஓட்டை நொறுக்குவதில்லை என்று தெரிந்தது. நத்தையை நீருக்கடியில் அழுத்திப் பிடித்து, கீழலகின் நுனியை உள்ளே செலுத்தி, ஓட்டோடு உடலைப் பிணைத்திருக்கும் தசையை அறுத்து, சதையை மட்டும் முழுதாக உருவி எடுக்கிறது. ஓடு பெரும்பாலும் உடையாமல் கரையில் கிடக்கும். குஞ்சுக்கு அந்தச் சந்து கிடையாது, வளர வளரத்தான் தோன்றும். நாற்றைத் தின்னும் நத்தையை ஒழிக்கக் காசு கொடுத்து மருந்து வாங்கும் விவசாயியின் வயலில், கூலியோ சாப்பாடோ கேட்காமல் இந்த அறுவை நாள்தோறும் நடக்கிறது.

இனி, தாரா. வீட்டு வாத்தை நாஞ்சில் நாட்டில் தாரா என்பர். அறுப்பு முடிந்ததும் நூற்றுக்கணக்கான தாராக்களை ஓட்டிக்கொண்டு மேய்ப்பர்கள் வயல்களுக்கு வருவர். வயற்காரரிடம் பேசி முடித்த பின், உதிர்ந்த நெல்லையும் நத்தையையும் புழுபூச்சியையும் தின்னக் கூட்டத்தை இறக்கிவிடுவர். ஒரு வயலை முடித்து மறு வயலுக்குப் போவதற்குத் தாராக்கள் சாலையைக் கடப்பதே அந்தப் பருவத்தின் தலையாய பொதுநிகழ்ச்சி. முதல் தாரா சாலை விளிம்பில் நின்று, கழுத்தை நீட்டி, இடமும் வலமும் பார்க்கும். அது கால் வைத்துவிட்டால் பின்னால் நிற்பவை எதையும் பார்ப்பதில்லை. உடலை ஆட்டி ஆட்டி, ஒன்றன் மேல் ஒன்று முட்டிக்கொண்டு, ஒரே இரைச்சலாகப் புறப்படும். அரசுப் பேருந்து நிற்கும், லாரி நிற்கும், அமைச்சரின் வண்டி வந்தாலும் நின்றாக வேண்டும். அவசரப்படும் பயணியிடம் நடத்துநர், “சவம், கடந்துபோகட்டும் ஓய், அதுக்கு மட்டும் சோலி இல்லையா?” என்பார். கடைசியாக ஒரு நொண்டித் தாரா வரும். பாதி வழியில் அது நின்று யோசிக்கும். அதுவரை ஒலிப்பானை அழுத்திக்கொண்டிருந்தவர்கள்கூட அப்போது கையை எடுத்துவிடுவது நாஞ்சில் நாட்டு நாகரிகத்தின் சிறப்புகளுள் ஒன்று.

நாள் முழுதும் இப்படி ஆரவாரமாகத் திரியும் தாரா, முட்டையிடுவதை மட்டும் விடியலுக்கு முன், பட்டிக்குள் அடைத்துவைத்திருக்கும் நேரத்திலேயே பெரும்பாலும் முடித்துவிடுகிறது. மேய்ப்பருக்கு இதைவிட வசதி வேண்டியதில்லை. ஆனால் அடைகாப்பது என்னும் பொறுப்பை வளர்ப்புத் தாரா பெரும்பாலும் கைகழுவிவிட்டது. பொரிப்பகங்கள் வருமுன் இதற்கு மனிதர் கண்ட வழி, அடைக்கு உட்கார்ந்திருக்கும் கோழியின் வயிற்றுக்கடியில் தாரா முட்டைகளை நுழைத்துவைப்பது. கோழிமுட்டை பொரிய 21 நாள் போதும்; தாரா முட்டைக்கோ 28 நாள் வேண்டும். ஆகவே அந்தக் கோழி ஒரு வாரம் மேலதிகமாக, ஊதிய உயர்வோ மறுப்போ இல்லாமல் உட்கார்ந்து பொரிக்கும். பிறகு நேர்வதுதான் கொடுமை. இத்தனை பாடுபட்டுப் பெற்றவை முதல் வாய்க்காலைக் கண்டதும் தொப்பென்று குதித்து நீந்திப் போகும். கோழி கரையில் இங்குமங்கும் ஓடி, இறக்கையை அடித்துக்கொண்டு, ஊரைக் கூட்டும். வெளியூர்க் கல்லூரிக்குப் பிள்ளையை அனுப்பிவிட்டு வடசேரிப் பேருந்து நிலையத்தில் நிற்கும் தாய்மார்களுக்கு இக்காட்சியை விளக்கத் தேவையில்லை.

பாம்பின் நிலை வேறு. அது இம்மாவட்டத்தில் நிலவுடைமையாளர். நாகர்கோவில் என்ற ஊரே நாகராஜா கோயிலால் பெயர் பெற்றது. அக்கோயிலின் கருவறைக்கு இன்றும் ஓலைக்கூரைதான். ஆண்டுதோறும் ஆடியில் அதைப் பிரித்துப் புதிதாக வேய்வர். கருவறையின் ஈரமண்ணே பிரசாதம். கருவறையைச் சுற்றியும் கூரையிலும் நாகங்கள் குடியிருந்து காவல் காக்கின்றன என்பது அடியார்களின் நம்பிக்கை. ஆவணி ஞாயிறுகளில் மரத்தடி நாகர் சிலைகளுக்குக் குடம் குடமாகப் பாலும் மஞ்சளும் பொழியப்படும். பால் பாம்பின் உணவன்று என்று உயிரியலார் சொல்வது சரியே. அந்தப் பாலில் ஒரு பங்கு எறும்புக்கும் பூனைக்கும் போய்ச் சேர்வதால், பாம்பு தன் பெயரால் பிறருக்கு அறம் செய்கிறது என்று கொள்வதில் தவறில்லை. வீட்டு வளாகங்களிலும் பாம்புக்குப் பங்கு உண்டு. தென்மேற்கு மூலையாகிய கன்னிமூலையில் ஒரு துண்டு நிலத்தை வெட்டாமல், கிளை ஒடிக்காமல், காடாகவே விட்டு, விளக்கு மட்டும் ஏற்றி வருவர், இதுவே சர்ப்பக்காவு. அண்ணன் தம்பிகள் ஓரடி வேலிக்காகப் பல ஆண்டு வழக்காடும் ஊரில், பட்டாவும் பத்திரமும் இன்றி ஒரு மூலையைத் தலைமுறைகளாக அனுபவித்துவரும் ஒரே குடியிருப்பாளர் பாம்புதான். வாடகையாக அது வயலெலி, வீட்டெலிகளைப் பிடித்துத் தருகிறது. அந்த வாடகை நிலுவையில் நின்றதாக எவரும் முறையிட்டதில்லை.

காகத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம், அதற்கு விளம்பரம் வேண்டியதில்லை. ஆடி அமாவாசையன்று கன்னியாகுமரிக் கடற்கரையில் முன்னோர்க்குத் திதி கொடுத்தவர்கள் வீடு திரும்பிப் படையலிட்டுக் காகத்தை அழைக்கும்போது, அது உடனே வருவதில்லை. எதிர்வீட்டுக்காரர் பருப்பும் நெய்யும் இட்டிருக்கிறாரா என்று பார்த்துவிட்டே வரும். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் 2006இல் குகைமனிதன் முகமூடி அணிந்து சில காகங்களைப் பிடித்து விட்டனர். பல ஆண்டுகள் கழித்தும் அந்த முகமூடியைக் கண்டாலே அங்குள்ள காகங்கள் கூட்டமாகத் திட்டின. அன்றைய துணை அதிபர் டிக் சேனியின் முகமூடியோடு நடந்தவர்களை அவை பொருட்படுத்தவில்லை. இத்தனை கூர்மையுள்ள காகம், குயில் தன் கூட்டில் முட்டையிட்டுச் செல்வதை மட்டும் கண்டுகொள்வதில்லை. குயிற்குஞ்சு காகக்குஞ்சுக்கு முன்பே பொரிந்து முதல் வாய்ச் சோற்றைத் தட்டிக்கொள்கிறது. பெற்ற பிள்ளையை விட்டுவிட்டுச் சகோதரியின் மகனுக்குச் சொத்தைத் தரும் வழக்கத்தை ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்’ எழுதி எள்ளியவர், தேரூரில் 1876இல் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை. காகத்தின் நிலையோ அதனினும் கீழானது. அது வளர்ப்பது மகனும் அல்ல, மருமகனும் அல்ல.

பூனைக்கு ஒரு வரி போதும்: ஐஸ் பெட்டி கட்டிய மீன் வண்டியின் ஒலிப்பானையும் பால் வண்டியின் ஒலிப்பானையும் தெருமுனையிலேயே பிரித்தறிந்து, சாளை வரும் வீட்டுக்கு மட்டும் அது உறவுகொண்டாடப் போகும்.

இக்கூட்டத்தாரின் வாழ்வெல்லாம் நெல்வயலையும் அதற்கு நீர்தரும் குளத்தையும் சுற்றியே அமைந்தது. 1906இல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணை நாஞ்சில் நாட்டுக்கு நீர் கொடுத்தபோது, பட்டியலில் இல்லாத இந்தக் குடிகளுக்கும் சேர்த்தே கொடுத்தது. இன்று அவ்வயல்களில் பல தென்னைக்கும் வாழைக்கும் வீட்டு மனைகளுக்கும் போய்விட்டன. மனைப்பிரிவில் நட்ட எல்லைக்கல்லின் மேல் உட்கார்ந்து கொக்கு டிராக்டருக்காகக் காத்திருப்பது வேடிக்கையான காட்சியன்று. எஞ்சிய வயல்களில் நெல்லே விளைவதற்கு ஆவன செய்வதுதான் ராம்சார் பலகை நடுவதைவிடப் பயனுள்ள வேலை.

தேரூர், சுசீந்திரம் குளங்களைக் காண விரும்புவோர் கார்த்திகை முதல் மாசி வரை, காலை 6 மணி வாக்கில் வருவது நல்லது. வண்டியின் கதவை அறைந்து சாத்த வேண்டாம், பதுங்கவும் வேண்டாம். அறுப்பு முடிந்த பருவத்தில் வருவோர் தாராக்களுக்கென்று கால்மணி நேரத்தைக் கூடுதலாகக் கையில் வைத்துக்கொள்ளவும்.