கன்றுக்குக் கயிறு, பிள்ளைக்குத் தம்ளர்

பென்னாகரம் பக்கம் விடிகாலையில், குடிக்கத் துடிக்கிற கன்றை இழுத்துக் கட்டிவிட்டுப் பாலைக் கறக்கிறார்கள். 8 மணிக்கு, வேண்டாமென்று ஓடுகிற இரண்டு வயதுப் பிள்ளையை இடுக்கிப் பிடித்து அதே பாலைப் புகட்டுகிறார்கள். பூச்சாண்டி, போலீஸ், செல்போன் எல்லாம் துணைக்கு வரும். பிள்ளை ஒரு வாய் அடக்கி வைத்திருந்து, அம்மா திரும்பியதும் சட்டையில் துப்பும்.

"எலும்புக்குக் கால்சியம் வேணாமாடா?"

ராகி விளைகிற ஜில்லாவில் கேட்கிற கேள்வி! 100 கிராம் ராகியில் அதே எடைப் பாலைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு கால்சியம். போதாததற்கு, நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் பால் போனால் சோறு இறங்காது, இரும்புச்சத்தும் குறையும் என்கிறார்கள் குழந்தை மருத்துவர்கள். ஆயா தட்டில் களியைக் கிள்ளித் தின்றுகொண்டிருக்கிறவனைத்தான், "எதுவுமே சாப்பிட மாட்டேங்கறான்" என்று தருமபுரி டாக்டரிடம் கூட்டிப்போக பஸ்ஸுக்கு நிற்கிறார்கள்.