சுற்றிலும் அட்லாண்டிக், கையில் ஒரு வாளி

பாய்மரப் படகிலேயே குடியிருப்பவர்களைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவர்கள், அவர்களுடைய அழுக்குத்துணி மூட்டையை ஒருமுறை எட்டிப் பார்க்க வேண்டும். சுற்றிலும் அட்லாண்டிக், துவைக்கத்தான் தண்ணீர் இல்லை. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு. கூடவே இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்பை நுரைக்க விடாமல் பிசுக்காக்கிவிடும். பாத்திரம் கழுவும் திரவத்தை ஊற்றி எப்படியோ கசக்கிக் காயப்போட்டாலும், உப்பேறிய சட்டை காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு ராத்திரிக்குள் நசநசத்துவிடும். வெயிலில் அப்பளம், இருட்டினால் ஊறுகாய்.

ஆகவே கடைசி அலசலுக்கு நல்ல தண்ணீர் வேண்டும். தொட்டியில் இருப்பதோ குடிப்பதற்கு அளந்து வைத்தது. அதனால் கருமேகம் தென்பட்டதும் சிலர் பாயைச் சுருக்கும் முன் வாளியைத் தேடுகிறார்கள். (பாயைத்தான் முதலில் சுருக்க வேண்டும்.)

பிறகு ஓரக் கம்பிகளில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டால், காற்று தனக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளும். காலுறை என்றால் ஜோடியில் ஒன்றை மட்டும்.

துறைக்குள் வந்தாலோ, துணி தொங்கினால் அழகு கெடுகிறதென்று பல படகுத்துறைகளில் தடை. சேமிப்பையெல்லாம் கொட்டிப் படகு வாங்கிய சுதந்திரப் பறவை, கை நிறையச் சில்லறையோடு கரையிலுள்ள வாஷிங் மெஷின் முன் வரிசையில் நிற்கிறது.