நடுநிலையாளர் ரூஸ்வெல்ட்டின் திருவிளையாடல்கள்

1939-ல் ஐரோப்பாவில் சண்டை மூண்டதும் அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட், 'நாங்கள் நடுநிலை' என்று அறிவித்துவிட்டார். வேறு வழியில்லை, சட்டம் அப்படி. போரிடும் நாட்டுக்கு ஆயுதமும் கிடையாது, கடனும் கிடையாது. நவம்பரில் சட்டத்தை லேசாகத் தளர்த்தினார்கள். ரொக்கம் கொடு, உன் கப்பலிலேயே ஏற்றிக்கொண்டு போ. யார் வேண்டுமானாலும் வாங்கலாம், ஹிட்லர்கூட வரலாம். வழி நெடுக பிரிட்டிஷ் கடற்படை காவல் நின்றது அவர் தலையெழுத்து!

விமானத்தை எதற்குக் கப்பலில் ஏற்ற வேண்டும்? பக்கத்திலேயே கனடா இருக்கிறதே, பறந்து போய் இறக்கிவிட்டால் தீர்ந்தது. அங்கேதான் சிக்கல். கனடாவும் போரில் குதித்திருந்தது. அமெரிக்க விமானி அங்கே ஓட்டிப் போனால் நடுநிலைக்குத் தீட்டு. ஆகவே 1940 தொடக்கத்தில், லாக்ஹீட் ஹட்சன் குண்டுவீச்சு விமானங்களை வடக்கு டகோட்டாவின் பெம்பினா என்ற எல்லையோர ஊரில் இறக்கினார்கள். கயிறு கட்டி, குதிரை பூட்டி, கோட்டுக்கு அந்தப் பக்கம் இழுத்துவிட்டார்கள். மெயின் மாநிலத்து ஹௌல்டனில் குதிரைக்குப் பதில் உழவர்களின் டிராக்டர். சட்டம் பறக்கக் கூடாது என்றுதான் சொன்னது. இழுப்பதைப் பற்றி மூச்சு விடவில்லை. இந்தப் பொந்தைக் கண்டுபிடித்த புண்ணியவானுக்கு ஒரு சிலையாவது வைத்திருக்கலாம்.

அந்த ஆண்டு செப்டம்பரில் பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சிலுக்கு 50 நாசகாரிக் கப்பல்கள் போயின. எல்லாம் முதல் உலகப்போர் காலத்துச் சரக்கு. பதிலுக்கு பெர்முடா, நியூஃபவுண்ட்லாந்து, கரீபியன் தீவுகள் என்று தளம் போட 99 வருடக் குத்தகை. பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கேட்கும் உலகில் ரூஸ்வெல்ட் தீவையே கேட்டார். ஒன்று சொல்ல வேண்டும்: அந்தக் கிழட்டுக் கப்பல்களில் ஒன்று, கேம்பெல்டவுன் என்ற புதுப்பெயரோடு, 1942 மார்ச்சில் வயிறு நிறைய வெடிமருந்துடன் பிரான்சின் செயின்ட் நசேர் துறைமுகத்தில் போய் மோதி, ஜெர்மானியர் கையிலிருந்த பெரிய உலர்துறையைத் தகர்த்தது.

பிரிட்டனின் கஜானா காலியானதும் கடன்-குத்தகைத் திட்டம் வந்தது. பக்கத்து வீடு தீப்பற்றினால் தோட்டத்துக் குழாயை இரவல் கொடுக்கமாட்டோமா, அணைந்ததும் திருப்பி வாங்கிக்கொள்ளலாமே என்றார் ரூஸ்வெல்ட். செனட்டர் டாஃப்ட் விடவில்லை. ஆயுதத்தை இரவல் தருவது சூயிங்கம்மை இரவல் தருவது மாதிரி, மென்று துப்பியதை யார் திரும்ப வாங்குவார் என்று மடக்கினார். நியாயமான கேள்விதான். ஆனாலும் 1941 மார்ச் 11-ல் சட்டம் கையெழுத்தாகிவிட்டது. மசோதாவுக்கு எண் 1776, அதாவது அமெரிக்கா பிரிட்டனை உதறிவிட்டு வந்த வருடம். குறும்புக்கும் ஓர் அளவு வேண்டாமா!

1945-ல் போர் முடிந்த கையோடு இரவலும் நின்றது. கைவசம் மிஞ்சிய சரக்கைத் தள்ளுபடி விலையில் தலையில் கட்டி, செலவுக்குக் கடனும் கொடுத்தார்கள், 2 சதவீத வட்டிக்கு. பிரிட்டன் நடுநடுவே தவணையைத் தள்ளிப்போட்டு, கடைசித் தவணையைக் கட்டி முடித்தது 2006 டிசம்பரில்.