ஊருக்கே கேட்கும் முப்பது ரூபாய்

விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டை போகிற வழியில் எங்கள் மங்கலம்பேட்டை. இங்கே கடைத்தெருவில் ஒரு டீயும் ரெண்டு வடையும் சாப்பிட்டுவிட்டு போனில் பணம் அனுப்பினால், கல்லாவில் உட்கார்ந்திருக்கும் பெட்டி தேர்தல் ஜீப் மாதிரி "முப்பது ரூபாய்" என்று கூவும். டீ பத்து ரூபாய் என்பது எல்லோருக்கும் தெரியும். மீதி இருபது எதற்கு என்று எதிர்க்கடைக்காரர் கணக்குப் போடுவார். டாக்டர் எனக்கு வடை கூடாது என்று சொன்னதும் அவருக்குத் தெரியும். நான் வீடு போய்ச் சேருமுன் சேதி போய்விடும்.

இப்போது டேவிட் சாம் என்ற அமெரிக்கரை நினைத்துப் பாருங்கள். யார் எங்கே செலவழித்தார் என்று வங்கிக்கே தெரியாதபடி மின்பணம் செய்ய முடியும் என்று 1983இல் கணக்குப் போட்டுக் காட்டியவர். அதற்காக டிஜிகேஷ் என்று ஒரு கம்பெனியும் தொடங்கினார். 1998இல் அது திவாலானது. பாவம், ரகசியத்துக்கு அவ்வளவு மெனக்கெட்டார். இங்கே வங்கியை விடுங்கள், பஸ்ஸுக்கு நிற்பவருக்கே என் வடைக் கணக்கு தெரிகிறது.

கிளிஃபோர்ட் ஸ்டால் என்ற இன்னொரு அமெரிக்கர் வேறு கட்சி. இணையத்தில் நம்பிப் பணம் அனுப்ப வழியில்லை, அப்படியே வந்தாலும் விற்கிற ஆள் இல்லாமல் வியாபாரம் ஏது என்று 1995இல் நியூஸ்வீக் பத்திரிகையில் கேலி செய்தார். பிற்பாடு உலகமே அவரைக் கேலி செய்தது. 2016 ஏப்ரலில் யுபிஐ வந்தது, நவம்பரில் ஐந்நூறும் ஆயிரமும் செல்லாமல் போயின, 2023 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் ஆயிரம் கோடி பரிவர்த்தனை. பணம் விஷயத்தில் ஸ்டால் அவுட். விற்கிற ஆள் விஷயத்தில் அவரை நான் அவ்வளவு சீக்கிரம் கைவிட மாட்டேன். எங்கள் பக்கத்து வீட்டு அக்கா, பார்சல் கொண்டுவரும் பையனை வாசலிலேயே நிறுத்தி, "தம்பி, இந்தப் புடவை சாயம் போவுமா?" என்று கேட்கிறார். அவன் பெட்டியைப் பிரித்தே பார்த்ததில்லை. ஆனாலும், "போவாதுக்கா, தைரியமா கட்டுங்க" என்கிறான். அதைக் கேட்டபிறகுதான் காசு கொடுக்கிறார்.

சாமுக்கு யாராவது நம் மொய் நோட்டைக் காட்டியிருக்கலாம். யார் எவ்வளவு எழுதினார் என்பதை மைக்கில் வாசித்த ஜனங்கள் நாம். கொடுத்தது நாலு பேருக்குத் தெரியாவிட்டால் அது கொடுத்த மாதிரியே இல்லை. 2021இல் மதுரையில் ஒரு கல்யாணப் பத்திரிகையிலேயே கியூஆர் கோடு அச்சடித்தார்கள். எங்கள் வீட்டு விசேஷத்திலும் மொய் மேஜையில் ஒன்றை ஒட்டி வைத்தோம். என் பெரியப்பா அதில் சரியாகவே ஐந்நூற்றொன்று அனுப்பினார். பணம் வந்துவிட்டது என்று போனைக் காட்டினேன். நகரவில்லை.

"வந்தது இருக்கட்டும்டா. நோட்டுல ஏத்து. ஏத்திட்டு, ஒருதரம் சத்தமா படி. உன் மாமன் பந்தியில உக்காந்திருக்கான்."